நான்கு மூலையிலும் மஞ்சள்

எண்பதுகளின் கடைசியில் என் தங்கைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை, மூத்தவன் என்பதால் எல்லாம் என் தலையில். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆபீசில் கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்தேன். பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷின். ஜாதகத்தை நகல் எடுத்துத் தரகரிடம் கொடுப்பதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. பெண்ணுக்கு வயதைக் குறைத்து ஜாதகம் எழுதுகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம். நம் வீட்டில் அந்த வேலையெல்லாம் கிடையாது என்று காட்ட, தங்கையின் அடையாள அட்டையான ஐசியையும் நகல் எடுத்துச் சேர்த்துக் குத்தினேன். அதன் பின்பக்கம் அம்மாவின் பெயர், தங்கை பிறந்த ஊர், வேலை செய்யும் ஃபேக்டரி எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதிவைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

தங்கைக்குப் பிடிக்கவில்லை.

"முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு என் ஐசி எதுக்குண்ணே?"

"திருடவா போறாங்க? பொண்ணு தேடறவங்க லா."

அம்மா ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவினார். ஐசி நகலும் தப்பவில்லை. எங்கள் சுங்கை வே வீட்டிலிருந்து அந்தத் தாள்கள் கிள்ளானுக்கும் டெங்கிலுக்கும் இன்னும் எங்கெங்கோ போயின. சில திரும்பி வந்தன. வராதவை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு வருடம் கழித்துக் கிள்ளானில் ஒரு வரன் அமைந்தது. பள்ளி ஆசிரியர். தங்கைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது; அதை அவள் மறைக்கவும் இல்லை. கோயில் கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்துவிடலாம் என்று இரு வீட்டாரும் சேர்ந்து பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆயிருக்கே. மூணு வருஷமாச்சு."

தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

பிறகு என்னையும் தங்கையையும் ஓர் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். வடக்குப் பக்கம் ஏதோ ஓர் ஊரிலிருந்து கோப்பு வந்திருந்தது. ஐசி தொலைந்துவிட்டது என்று போலீஸ் ரிப்போர்ட்டையும் ஒரு நகலையும் கொடுத்து, எவளோ ஒருத்தி என் தங்கையின் பெயரில் கல்யாணம் செய்திருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். அதிகாரி அந்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள். திருப்பினார். என் கையெழுத்து.

"இது யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

தங்கை என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எந்த வீட்டிலிருந்து அந்தத் தாள் கை மாறியது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பதிவை ரத்து செய்ய ஒன்றரை வருடம் அலைந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எட்டு மாதம் பொறுத்திருந்தார்கள். பிறகு அவருக்கு வேறு இடத்தில் முடிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தங்கை அதற்கப்புறம் வரன் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

இன்று ஐசியைப் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டவுடன் அனுப்பிவிடுகிறவர்களைக் கண்டால் அதைவிட.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா காலமானார். வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றத் தங்கையின் ஐசி நகல் தேவைப்பட்டது. கேட்டேன். மறுநாள் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள். நகலின் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு. நடுவில் அவள் கையெழுத்தில், "வீட்டுப் பத்திரத்துக்கு மட்டும்."

வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதபடி, வெளியாட்களுக்குக் கொடுக்கும் நகலில் போடுகிற கோடு அது. அவள் செய்தது சரிதான். வாசலிலேயே நின்று அழுதேன்.