வாசிக்காமல் விட்ட பத்தி

அந்தக் கடிதத்தை நான் வாசித்துச் சொன்னபோது அச்சன்புதூர் வீட்டின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். என்னோடு இரட்டையர் டென்னிஸ் ஆடியவனின் அப்பா, அவன் அம்மா, அம்மாவுடன் பிறந்த மாமா, என் அப்பா, நான். அவன் இல்லை. கடிதம் அவனுடைய முழங்காலைப் பற்றியது. ஆனால் அவன் அந்நேரம் தென்காசியில் பிசியோதெரபி முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் இருந்திருந்தால் நான் அப்படி வாசித்திருக்க முடியாது. அவனுக்கும் இங்கிலீஷ் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மேலகரத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான்தான் வாசிப்பேன். பிற்பாடு அவன் வீட்டிலும் அது என் வேலையாகிவிட்டது. அவன் அப்பா தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். இங்கிலீஷில் ஏதாவது வந்தால் மகனிடம் நீட்டுவார். அவனுக்குப் பொறுமை கிடையாது. “அவன்கிட்ட குடுங்கப்பா, அவன்தான் புள்ளி கமா விடாம வாசிப்பான்” என்று என்னைக் கை காட்டிவிடுவான்.

பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தளத்தில் பி.டி. வாத்தியார்தான் எங்களை ஜோடி சேர்த்தார். எனக்கு சர்வீஸ் பலம், அவனுக்கு வலைக்குப் பக்கத்தில் கை வேகம். அவனுக்கு மட்டை வாங்கும்போதெல்லாம் அவன் அப்பா எனக்கும் ஒன்று வாங்கினார். ஷூவும் அப்படித்தான். என் அப்பா கூச்சப்பட்டபோது, “கடையில போயி ஒத்தச் செருப்பு வாங்கிட்டு வர முடியுமாவே? ரெண்டு பேரு ஆடுத ஆட்டம், ரெண்டு பேருக்கும் வாங்கணும்லா” என்றார். அந்த ஷூக்களில்தான் தொழில்முறைப் போட்டிகளின் அடிப்படி வரைக்கும் ஏறினோம். நாலைந்து வாரத்துக்கு ஒரு ஊர், முதல் சுற்றில் தோல்வி, எப்போதாவது கால் இறுதி.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்த போட்டியில் முதல் முறையாக அரை இறுதிக்கு வந்தோம். முதல் செட் ஆறுக்கு நான்கு. இரண்டாவதில் ஐந்துக்கு நான்கு, என் சர்வீஸ், நாற்பதுக்கு முப்பது. ஒரு புள்ளி எடுத்தால் இறுதிப் போட்டி. அப்போது தூறல் விழுந்தது. நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பின்கோட்டில் ஷூவைத் தேய்த்துப் பார்த்தார். எதிரணிக்காரர்கள் எப்படியானாலும் சரி என்பதுபோல் நின்றார்கள். பிறகு நடுவர் எங்களிடம் வந்து, இந்தப் புள்ளியை ஆடிவிடுகிறீர்களா, நிறுத்திவிடவா என்று கேட்டார்.

“ஏலே, கோடு வழுக்குது” என்றான் அவன், பந்தால் வாயை மறைத்துக்கொண்டு.

“சாரல்லே இது. இதுக்குப் போயி பையக் கட்டுவியா? குத்தாலத்துப் பக்கம்னு வெளிய சொல்லிராத.”

சிரித்துவிட்டான். நான் கையைத் தூக்கி, ஆடலாம் என்றேன்.

எங்கள் ஊரில் ஆனி ஆடியில் சாரலுக்காக யாரும் எதையும் நிறுத்துவதில்லை. நாங்கள் பழகியதே சாரலில்தான். ஆனால் எங்கள் தளத்தில் கோடு சுண்ணாம்புப் பொடியால் போட்டது. அங்கே கனத்த பெயின்ட். நனைந்தால் அது எண்ணெய் தடவிய தட்டு மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. இரண்டாவதை அவர்கள் அவன் தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள். அவன் பின்னால் ஓடி, கோட்டில் இடது காலை ஊன்றினான். பாதம் வழுக்கிப் போய்விட்டது, முழங்கால் அங்கேயே நின்றுவிட்டது. நாற்பதுக்கு நாற்பது. அவனால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் இரட்டையர் ஆட்டத்தை ஒருவன் தனியாக முடிக்க முடியாது. முடிவுகள் பட்டியலில் அந்த வரி இன்றும் இருக்கிறது. இரண்டு செட்டிலும் பின்தங்கியவர்களின் பெயர் வென்றவர்கள் இடத்தில், கடைசியில் விலகல் என்ற குறிப்போடு.

நான் மாமா என்று கூப்பிடும் அவன் அப்பாதான் முதலில் போன் செய்தார். “என்னலே, போன்ல ஸ்கோரு அப்படியே நிக்குது?”

“மழையில வழுக்கிட்டு மாமா. நடுவர் ஆடச் சொல்லிட்டாரு.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. ஐஸ் கட்டியோடு பக்கத்தில் படுத்திருந்தவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஊருக்கு வரும் வேனில், “அப்பா கேட்டா நானும் அதையே சொல்லுதேன், நீ பயப்படாத” என்றான். வேண்டாம், நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செங்கோட்டை வரும்வரை நேரம் இருந்தது.

அவன் மாமா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். விடுவாரா? “நடுவன் என்ன, குடையப் பிடிச்சிட்டு ஒறங்கிட்டு இருந்தானா? எழுதுலே ஒரு புகாரு” என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். நடுவரின் கட்டாயத்தால் ஆடினோம் என்று என் கையாலேயே எழுதினேன்.

அதற்குப் போட்டி நடத்தியவர்களிடமிருந்து வந்த பதில்தான் அந்தக் கடிதம். மூன்று பத்திகள். முதல் பத்தியில் வருத்தம். இரண்டாவதில் நடுவரின் அறிக்கை: ஆடுவதா நிறுத்துவதா என்று கேட்டார், அடிபட்டவரின் ஜோடி கையைத் தூக்கிச் சம்மதம் சொன்னார். என் பெயரும் இருந்தது. மூன்றாவதில், பொறுப்பு தங்களுடையது இல்லை என்றாலும் அறுவை சிகிச்சைக்கு ஒரு லட்ச ரூபாய் உதவியாகத் தருகிறோம், மேலே சொன்ன விவரம் சரி என்று இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு முப்பது நாட்களுக்குள் அனுப்புங்கள் என்று இருந்தது.

முதல் பத்தியை வாசித்தேன். “வருத்தம் தெரிவிச்சிருக்காங்க.”

“வருத்தத்த வச்சு என்ன செய்ய? வாங்கித் தோசைக்குத் தொட்டுக்கிடவா?” என்றார் அவன் மாமா. “தப்ப ஒத்துக்கிடுதாங்களா?”

“இல்ல. நடுவர் மேல தப்பு இல்லன்னு சொல்லுதாங்க.”

அவன் அப்பா தாளைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆஸ்பத்திரிச் செலவு பத்தி ஏதும் போட்டிருக்கா?”

நான் பக்கத்தைத் திருப்பினேன். “ஒண்ணும் இல்ல மாமா.”

“ஒண்ணும் இல்லங்கதுக்கா ரெண்டு பக்கம் எழுதுவாங்க?” என்று அவன் அம்மா கேட்டார்.

என் அப்பா முந்திக்கொண்டார். “இல்ல மைனி, அவன் வாசிச்சா சரியாத்தான் இருக்கும்.” சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. அவன் மாமா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்து, “எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வண்டி நம்பர் எழுதத்தான் பத்தும்” என்று சொல்லித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவனிடம் மட்டும் சொல்லி, என் கையிலேயே இருந்துவிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவன் நல்ல சந்தோஷத்தில் இருந்தான், கெடுக்க மனம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வலியில் இருந்தான், அப்போதும் வரவில்லை. முப்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தபால் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது.

மூட்டுக்குள் கிழிந்த சவ்வைச் சீக்கிரம் தைத்துவிட்டால் திரும்ப ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோப்பில் வெட்டிய தேங்காய்க்கு வியாபாரியிடமிருந்து பணம் வரட்டும் என்று அவன் அப்பா காத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அவன் மாமா அவன் அப்பாவைத் தென்காசியில் ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே என்று என்னையும். வக்கீல் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்து முடித்தார்.

“ஒரு லட்சம் தாரோம்னு எழுதியிருக்காங்களே, ஏன் பதில் போடல?” என்று கேட்டவர், என் பெயரை விரலால் தொட்டு, “இது யாரு?” என்றார்.

அவன் மாமாதான் வாயைத் திறந்தார். “ஏன்லே, நீ வாசிக்கும்போது மட்டும் அந்தப் பத்திய எறும்பு அரிச்சிட்டா?”

அவன் அப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்தத் தாளையும் தந்ததில்லை. வக்கீல் எழுதிக் கேட்டதற்கு, கெடு முடிந்துவிட்டது என்று அங்கிருந்து வந்த ஒரு வரிப் பதிலைக்கூட, பேங்கில் வேலை பார்க்கும் யாரையோ கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அறுவை சிகிச்சை நடந்தது. சவ்வைத் தைக்க முடியாத அளவுக்கு நைந்துவிட்டதால் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடக்கலாம், பைக் ஓட்டலாம். பக்கவாட்டில் ஓடித் திரும்பும் ஆட்டம் இனி கிடையாது.

இந்த வருடம் சீசன் தொடங்கியதும் அவனே போன் செய்து பழைய குற்றாலத்துக்குக் கூப்பிட்டான். படியேற வேண்டாம் என்று கீழே நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைக்கு எதிரே மதில்மேல் உட்கார்ந்தோம். நான் இப்போது வேறு ஒருவனோடு ஆடுகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். போன வாரம் முதல் சுற்றில் தோற்றதையும் பார்த்திருந்தான்.

“உன் புது ஜோடி வலைக்கிட்ட தூங்குதான்லே” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனே பேச்சைத் தொடர்ந்தான். “நீ கையத் தூக்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் சிரிச்சிட்டுத்தானே போயி நின்னேன். ஆனா அந்தத் தாள எங்கிட்ட காட்டியிருக்கலாம்லா. நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அப்பாட்டயும் நானே பேசியிருப்பேன்.”

“தெரியும்” என்றேன். தெரிந்துதான் இருந்தது. அவன் அப்படிச் செய்வான் என்று தெரிந்தும் காட்டவில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“தோப்ப மூணு வருசத்துக்குக் குத்தகைக்கு விட்டாச்சு” என்றான். “ஸ்கேனு, ஆஸ்பத்திரி, வக்கீலு, பிசியோ எல்லாத்துக்கும்.”

“எல்லாம் சேத்து எவ்வளவுலே ஆச்சு?”

அவன் கணக்குப் போடவில்லை. வீட்டில் அத்தனை தடவை பேசியிருப்பார்கள் போல.

“ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.”