இறால் என்ன பாவம் செய்தது?

போன கிழமை என் அக்கா மகளின் கையில் ஒரு டொக்டர் ஊசியால் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்க்கத்தான் நான் போனேன். பார்க்க முடிந்ததா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலருக்கு ஆறு வயது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். சில நாள் மூச்சும் இழுக்கும். அப்போது அவள் எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே… வேண்டாம், அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

தடிப்பைக் கிளப்பும் என்று நம்மவர்கள் ஒதுக்குகிற சாப்பாடெல்லாம் கிரந்திதானே? வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கத்தரிக்காயும் கிரந்தி! ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் முட்டையும்தான் மிச்சம். தடிப்பு மட்டும் நிற்கவில்லை.

இந்த டொக்டர் கொட்டாஞ்சேனைக்காரர். சீமையில் படித்து, உலக யுத்தம் முடிந்த பிறகு கப்பலேறி வந்தவர். எந்தச் சாப்பாடு எந்தப் பிள்ளைக்கு ஒவ்வாது என்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார். இதற்கு அங்கே அலர்ஜி என்று பெயராம். கையில் லேசாகக் கீறி, கரைத்த சாப்பாட்டில் ஒரு சொட்டு விடுவார். ஒவ்வாதது என்றால் அந்த இடம் தடிக்கும்.

"வீட்டுச் சாப்பாட்டுச் சாமான் எல்லாத்திலையும் கொஞ்சம் கொண்டு வாங்கோ" என்று சொல்லியிருந்தார். அக்கா குசினியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

காத்திருந்தோம். இறால்? ஒன்றுமில்லை. நண்டு? ம்ஹூம். கத்தரிக்காய் — பரம சாது! டொக்டரின் முகம் தொங்கிவிட்டது.

"பிள்ளைக்கு எரியுது போலை" என்று அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். நல்லெண்ணெய். கீறின இடமெல்லாம் தடவிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கை முழுக்கச் சிவந்து தடித்தது. மலருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் ஓடி வந்து எண்ணெயைத் துடைத்து ஊசி போட்டார். அவள் மூச்சு சீரான பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

"இதையேன் அம்மா முதலே தரேல்லை?"

"நீங்கள் சாப்பாட்டுச் சாமான் எண்டெல்லோ சொன்னனீங்கள். இது மருந்து, டொக்டர்! தடிப்பு வந்தால் இதைத்தான் பூசுறனான். மெலிஞ்சு போனாள் எண்டு முட்டையோடையும் குடுக்கிறனான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அழுதாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. "அழாதேங்கோ. இனி எல்லா அம்மாமாரிட்டையும் வீட்டு மருந்தையும் கொண்டு வரச் சொல்லுறன்" என்றார்.

நாம் இப்படித்தான். ஊரையெல்லாம் சந்தேகப்படுவோம், வீட்டுச் செல்லப்பிள்ளையை மட்டும் விசாரிக்க மாட்டோம்.

டொக்டரின் சம்மதத்தோடு, ஞாயிறு மத்தியானம் அக்கா மலருக்கு இறால் கறி போட்டாள். நாங்கள் சாப்பிடாமல் மலரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றுமே நடக்கவில்லை — என் பங்கு இறாலையும் அவளே சாப்பிட்டு முடித்ததைத் தவிர!