குழியா, விழுந்தீர்களா?

கோந்து என்ற பெயரை அவனுக்கு வைத்தது அவன் தங்கச்சி புருஷன்தான். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் பூமி பிளந்தாலும் ஒட்டிக்கொண்டிருப்பான், வெந்நீர் ஊற்றித்தான் பிய்த்து எடுக்கணும் என்று தன் கல்யாணத்தன்றே நாலு பேர் நடுவில் அறிவித்துவிட்டான். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயே போச்சு. கோந்துவும் கோபப்படவில்லை. சொந்தமாகச் சொல்லிக்கொள்ள அவனிடம் வேறு பெருமை எதுவும் இல்லை. இத்தனை வருஷம் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவ்வளவுதான் அவன் ஆஸ்தி.

அந்த ஆஸ்தியை வைத்துத்தான் வாட்ச் கம்பெனியில் வேலை கிடைத்தது. மணி காட்டுவது அந்த வாட்சுக்குச் சில்லறை வேலை. நடந்தால் நடந்தாய் என்னும், ஓடினால் ஓடினாய் என்னும், தூங்கி எழுந்தால் சரியாகத் தூங்கவில்லை என்று குறை சொல்லும். சைக்கிள் என்றால் மட்டும் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். நடக்கும்போது கை வீசுகிறோம், அதை வைத்துக் கணக்குப் பண்ணிவிடுகிறது. சைக்கிளில் கை சும்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, உழைப்பதெல்லாம் கால். நாய் துரத்த, நுரை தள்ள மிதிக்கிறவனைப் பார்த்து, 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், சற்று எழுந்து நடங்கள்' என்று புத்தி சொல்லும் அது.

அதற்குச் சைக்கிளைக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. கோந்து சேர்ந்தான். சேர்ந்த கையோடு மாப்பிள்ளையையும் இழுத்துப் போட்டான்.

மாப்பிள்ளைக்கு உள் வேலை. ஆய்வுக்கூடத்தில் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளை நாளெல்லாம் மிதிக்க வேண்டும், ஓர் அங்குலம் நகராது. "உலகத்துலேயே ரொம்ப தூரம் ஓட்டி எங்கயும் போகாதவன் நான்தான் மச்சான்" என்பான். வாய் ஓயாது. ஒருநாள் வாட்சைக் கழற்றித் துணி துவைக்கிற மெஷினுக்குள் கட்டிவிட்டான். 'அபாரமான நீச்சல்' என்று அது பாராட்டியது. இன்ஜினியர் மேடம் அதைத் தன் மேசைக் கணினியில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். திட்டத்தான் வந்தாள், சிரித்துவிட்டாள். எந்நேரமும் பென்சிலைத் தலைமுடியில் செருகிக்கொண்டு அதையே தேடுகிற சின்னப் பெண் அவள்.

கோந்துவுக்கு வெளி வேலை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வாட்சுகளைக் கட்டிக்கொண்டு, ஊரிலேயே மோசமான சாலைகளாகப் பார்த்து ஓட்ட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஜனங்கள் அவனைத் திருடன் என்று நினைத்தார்கள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வாட்சில் இன்னொரு வசதி உண்டு. கட்டியிருக்கிற ஆள் விழுந்துவிட்டால், அவன் குறித்துக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அதுவே போன் போட்டுவிடும். கிழடுகட்டைகளுக்காகச் செய்தது. சைக்கிளில் ஒவ்வொரு குழியும் அதற்கு விழுந்த மாதிரியே தெரிந்தது. தடக்கென்று ஒரு பள்ளம் வந்தால் போதும், போன் பறக்கும்.

பறந்தது தங்கச்சிக்கு. மச்சானும் சரி, மாப்பிள்ளையும் சரி, அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவள் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் காலர் வைக்கிறவள். அவள் கை நின்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிற வரிசை முழுக்க நிற்கும். ஏப்ரன் பைக்குள் போன் நடுங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் பதறி எடுத்தாள், அண்ணன் அந்தப் பக்கம் ஜம்மென்று மிதித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னொரு வாட்டி அது அடிச்சா சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்று ஒரு சாயங்காலம் அவன் முன்னால் டீயை டொக்கென்று வைத்தாள். "விழுந்தா சொல்லு, ஓடி வரேன். விழாததுக்கெல்லாம் எதுக்குப்பா என் உயிர வாங்குற?"

"நானா அடிக்கிறேன்? வாட்ச் அடிக்குது."

"வாட்சு வாய மூட வை."

"உங்கண்ணன் விழுந்தான்னு போன் வந்தா நம்பாத" என்றான் மாப்பிள்ளை, பாயில் சாய்ந்தபடி. "பூமிதான் தடுக்கி இவன் மேல விழுந்திருக்கும்."

கோந்து மேடத்திடம் போய்ச் சொன்னான். அவளுக்கும் இது தலைவலிதான். வாட்சின் ஆப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். ஓட்டி முடித்ததும், வழியில் குலுங்கிய ஒவ்வொரு இடத்தையும் காட்டி வாட்ச் கேட்கும்: 'குழியா, விழுந்தீர்களா?' கீழே இரண்டு பொத்தான்கள். ரோட்டில் ஓட்டுகிற ஒரே ஆள் அவன்தான். அவன் அமுக்குவதை வைத்துத்தான் வாட்ச் இரண்டுக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ளும்.

"பார்த்து அமுக்குங்க. நீங்க சொல்றதுதான் அதுக்குப் பாடம்" என்றாள்.

அவன் பார்த்துத்தான் அமுக்கினான். குழி, குழி, குழி.

பிறகு ஒருநாள், கட்டடம் கட்டுகிற இடத்தில் சிந்திக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. கோந்து விழுந்தான். பெருமை, நிம்மதி, பேன்ட் முட்டி எல்லாம் ஒன்றாகக் கிழிந்தன. எதிரே ஒரு நாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை என்றதும் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, ஓட்டி முடித்தான். 'குழியா, விழுந்தீர்களா?' என்று வாட்ச் கேட்டது.

விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. விழுகிற ஆளை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்று ஒரு பயம். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் கிழவனாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் என்று அதைவிடப் பெரிய பயம். குழி என்று அமுக்கினான்.

பின்னால் இன்னும் இரண்டு தடவை விழுந்தான். ஒன்று ஈரத்தில், ஒன்று திறந்த கார் கதவில். அவையும் குழிதான்.

"ஒரு தடவைகூடவா விழல?" என்று மேடம் ஆச்சரியமாகக் கேட்டாள்.

"என் பேரு என்ன மேடம்?"

அவள் சிரித்தாள், நம்பினாள். வாட்ச் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டது. தங்கச்சி நிம்மதியாகக் காலர் வைத்தாள். சைக்கிளையும் அது படித்துவிட்டது, மேட்டில் ஏறினால் ஏற்றம் என்றது, பள்ளத்தில் இறங்கினால் இறக்கம் என்றது. கம்பெனியில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இந்த ஸ்டாண்டு சைக்கிள் என்னை ஏமாத்துனது போதும் மச்சான். நாளைக்கு லீவுதானே, ஒரு நெச ரோட்டுல நெசமா போயிட்டு வரேன்" என்று புது வாட்சைக் கட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலையில், மூடி உடைந்த சாக்கடைக் குழியில் அவன் சக்கரம் இறங்கியது.

விடுமுறை என்பதால் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஒருவர்தான் பார்த்தார். அவர் ஓடிப் போய்த் தூக்கியபோது உடம்பில் சூடு இருந்ததாம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, தங்கச்சி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு கோந்துவின் கையில் கொடுத்தார்கள். வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எழுதியிருந்தது: 'சவாரி நிறுத்தப்பட்டது. ஓய்வெடுக்கிறீர்கள். நன்று.'

ஆஸ்பத்திரி நடையில் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே. கீழே விழுந்து கிடக்கிற மனுஷனைக் குழி என்று சொல்லிக்கொடுத்தவன்.

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்து, கடைசி நாற்காலியையும் வாடகைக் கடைக்காரன் எடுத்துப்போன பிற்பகலில், தங்கச்சியிடம் சொன்னான். வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னான், உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

"வாய மூட வைன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் கடைசியில்.

"நீ சொன்னது குழிக்கு. நான் மூடுனது விழுந்ததுக்கு."

அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் சாத்துகிற மாதிரிச் சாத்தினாள்.

மேடத்திடமும் போனான். அவளுடைய அறை மூலையில் புதிதாக ஒரு மெத்தை கிடந்தது. பொம்மை ஒன்றைச் சைக்கிளில் கட்டி மெத்தை மேல் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாட்டி விழுந்தேன். குழின்னு அமுக்கினேன்" என்றான்.

அவள் பென்சிலைத் தேடவில்லை. அதைத் தலையிலிருந்து நேராக உருவி மேசைமேல் வைத்தாள். "மூணு" என்றாள். "அந்த மூணு இருந்திருந்தா..." மீதியை விழுங்கிவிட்டாள். பிறகு, "ஒரே ஆள் சொன்னத நம்பி மொத்தத்தையும் கட்டினது என் தப்பு. அத நான் மேல சொல்லிட்டேன்" என்றாள்.

"மேல என்ன சொன்னாங்க?"

"சைக்கிள்ல போறப்ப அந்த வசதியே வேணாம், எடுத்துட்டு விக்கலாம்னாங்க. மெத்தைல கொஞ்சம் பார்க்கறேன்னு நேரம் கேட்டிருக்கேன்."

கோந்து பொம்மையைப் பார்த்தான். அது சுகமாகப் படுத்திருந்தது. "மெத்தைல விழுறது விழுறதே இல்ல மேடம். விழப் போறோம்னு தெரிஞ்சதும் கை தானா முன்னாடி போகும் பாருங்க, இதுக்கு அது போகல. நான் விழறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? கம்பெனி ஒத்துக்காது."

"கம்பெனிய யாரு கேட்டா? நான் ரோட்டுல போறேன், விழறேன். விழுந்தேன்னு அமுக்குவேன். நீங்க அத எடுத்துப்பீங்களா, மாட்டீங்களா?"

அவள் பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அவன் கிளம்பும்போது ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் போகிற அந்தச் சாலைக்கே போனான். வேண்டுமென்று விழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மனசு விழு என்றால் உடம்பு மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் ஒட்டிப் பழகிய உடம்பு. மணலில் விழுந்தான், சரளையில் விழுந்தான், வளைவில் பிரேக்கை நெரித்து விழுந்தான். முழங்கை உரிந்தது, ஒரு விரல் வீங்கி மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. நடுவே ஒரு தடவை சிரிப்புகூட வந்தது. மாப்பிள்ளை இருந்திருந்தால் திண்டில் உட்கார்ந்துகொண்டு மார்க் போட்டிருப்பான்.

ஒவ்வொரு தடவையும் வாட்ச் 'ஓய்வெடுக்கிறீர்கள், நன்று' என்றது. ஒவ்வொரு தடவையும் அவன் 'விழுந்தேன்' என்று அமுக்கினான். மேடம் ராத்திரி எதையோ மாற்றுவாள், காலையில் அவன் போய் மறுபடியும் விழுவான். போன் போட வேண்டிய எண்ணை மட்டும் அவன் மாற்றவில்லை. தங்கச்சி எண்தான் இருந்தது. அவள் அவனோடு பேசி வெகு நாளாகிவிட்டது.

அன்றைக்கு அவன் விழ நினைத்திருக்கவில்லை. விழுகிற இடத்துக்குப் போகிற வழியில் லாரி ஒன்றுக்கு ஒதுங்கியபோது சக்கரம் ரோட்டோர விளிம்பில் தட்டி, கவனிக்கும் முன்னே தரையில் கிடந்தான். தோள்பட்டையில் ஏதோ நழுவியது. மூச்சு உள்ளே போக மறுத்தது. எழ முடியவில்லை.

மணிக்கட்டில் வாட்ச் நடுங்கியது. ஓய்வு என்று சொல்லப் போகிறது என்று பார்த்தான். சொல்லவில்லை. மணியடிக்க ஆரம்பித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் பெயரைப் பார்த்தால் எப்படி எடுப்பாள்? பிறகு மணி நின்றது. வாட்சுக்குள்ளிருந்து சின்னதாக, வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு ஆண் குரல் கத்தியது, சூப்பர்வைசராக இருக்க வேண்டும். அவள் போனை வைக்கவில்லை.

"குழியா?" என்றாள்.

கோந்து மூச்சைத் தேடிப் பிடித்தான். "இல்ல. விழுந்துட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

மெஷின்களில் ஒன்று மட்டும் நின்றுபோனது அவனுக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக நின்றன.

"எங்கே இருக்க?" என்றாள் தங்கச்சி.