ஸ்டெல்லா அக்கா விட்ட பாறை மீன்

பள்ளியிலிருந்து வந்து சீருடைகூட மாற்றவில்லை. குழாயடியிலிருந்து அம்மா வெறுங்குடத்தோடு ஓடி வந்தார். "கண்ணு, நம்ம ஸ்டெல்லா போயிருச்சு." பக்கத்து அறை ஸ்டெல்லா அக்கா காலையில் கம்பெனிக்குப் போகும்போது ஸ்கூட்டியில் வேன் மோதியிருந்தது. அப்பா டி.வி.யை நிறுத்தவில்லை. "அந்த ஊட்டுப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது" என்றார்.

கம்பெனியில் அக்காவோடு ஓவர்லாக் மெஷினில் தைத்த, இதைப் படிக்கும் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது. பொங்கல் விடுமுறையில் அவர் எங்களைத் தூத்துக்குடிப் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் போட்டோம். "சாப்பிட வீட்ல மீன் இருக்கு. இங்க பிடிக்கிறத விட்டுரணும், சரியாண்ணே?" என்று முதலிலேயே கேட்டார். அப்பா தலையாட்டினார். ஆனால் தன் தூண்டிலில் பெரிய பாறை மீன் சிக்கியதும் பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அதை இறுக்கிச் சுற்றினார். எங்கள் ஊரில் மெஷினையும் முகத்தையும் துடைப்பது அந்தத் துணிதானே.

"அண்ணே, துணிய எடுங்க!"

"நல்ல காட்டனுங்க. பொறந்த கொழந்தைக்கே போர்த்தலாம்."

"கொழந்தைக்குப் போர்த்துங்க. மீனுக்கு அந்த வழுவழுப்புதான் சட்டை. துணி அத உரிச்சிரும்லா?"

அருகில் நின்றவர், "திருப்பூர்க்காரரு மீனுக்குப் பனியன் போட்டுட்டாருல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார்.

பிறகு கைகளை நனைத்து, மீனின் வயிற்றைத் தாங்கி, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றினார். செவுளில் விரல் படவே இல்லை. தண்ணீருக்குள் அலையைப் பார்த்து அதன் தலையைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"போட்டோகூட எடுக்கலீங்களே" என்றார் அப்பா.

"தூக்கிப் போட்டா விட்டதாகாதுண்ணே. அதுவா நீந்துற வரைக்கும் கூட இருக்கணும்."

வெகுநேரம் கழித்து மீன் வாலை அடித்துக்கொண்டு போனது. அதன்பின் அப்பா அவரோடு பேசவில்லை. அக்கா ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "சிரிச்சது தப்புதாண்ணே. மீன விட்டது தப்பில்ல." அப்பா கதவைச் சாத்தினார்.

விபத்து நடந்த மறுநாள், ஊருக்குக் கொண்டுபோகும் முன் அக்காவை வண்டியிலேயே எங்கள் லைன் வீடுகளின் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா ஷிப்டில் இருந்தார். நான் செருப்பைப் போட்டபோது அம்மா பார்க்காததுபோல் அரிசி களைந்துகொண்டிருந்தார். அக்காவின் விரல்களைத் தொட்டேன். "அப்பா வர்ற நேரமாச்சு, ஊட்டுக்கு ஓடு கண்ணு" என்றார் எதிர்வீட்டு அம்மா. வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அங்கே என்னைப் பார்த்தவர்கள் சொல்லிவிடாதீர்கள். இரவில் இதை எழுதும்போது அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே பேனாவை மறைக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது, ஓடாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான்.