அண்ணியின் தாகம்

அண்ணி மெட்டியைக் கழற்ற முடியாமல் குழாயடியில் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வலது காலின் இரண்டாம் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. சுற்றிலும் தோல் பளபளவென்று உப்பியிருந்தது. சோப்பைக் குழைத்துத் தடவித் தடவித் திருகிக்கொண்டிருந்தார். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த நான், பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் தூக்கி வைத்து, விரலில் நூல் சுற்றி ஒருவழியாகக் கழற்றிக் கொடுத்தேன். "பிள்ளத்தாச்சியா இருந்தப்பகூட இப்படி இறுக்கல பாப்பா" என்றார். "வெயிட் போட்டுட்டீங்க அண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்போது நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவது என் அன்றாட வேலை. அன்றைக்கு அண்ணியின் கால் என் மடியிலேயே இருந்தது. அழுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். மழையை நம்பிய மண்; இங்கே மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். மக்காச்சோளம், பருத்தி, மேட்டில் முந்திரி. அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போய்விடுவார். அண்ணி களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் போவார். வெறுமனே போகிறவர் இல்லை. பதினைந்து இருபது பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர். நாளைக்கு யார் கொல்லையில் வேலை, எத்தனை பேர் வேண்டும் என்று அவருக்குத்தான் போன் வரும். காலை ஏழு மணிக்குக் குட்டியானை லோடு வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தூக்குவாளியில் பழைய சோறு, அதற்குக் கருவாடோ ஊறுகாயோ. எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் அண்ணி ஏறுவார். கடைசியில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் இருக்காது. பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவார்.

அண்ணன் வீடு இருக்கும் ஊரும் என் துணை சுகாதார நிலையத்தின் கீழ்தான் வருகிறது. கோடை தொடங்கும்போது வெயில் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேச வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் அண்ணியின் ஆட்கள் களை எடுத்துக்கொண்டிருந்த கொல்லைக்கே படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி முடித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு பெண், "குடிக்கறோம் நர்ஸம்மா. குடிச்சிட்டு எங்க போறது?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சுற்றிலும் பார்த்தேன். முழங்கால் உயரப் பயிர். ஒரு பக்கம் தார்ச்சாலை, இன்னொரு பக்கம் வெட்டவெளி. தண்ணீர்க் குடம் மரத்தடியில் முக்கால்வாசி நிறைந்தபடி இருந்தது.

முன்பெல்லாம் அவர்களுக்கு ஒதுங்க ஓடைக்கரை இருந்தது. இரண்டு கரையிலும் சீமைக் கருவேலம் அடர்ந்து நின்றது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று எந்திரத்தைக் கொண்டு வந்து வேரோடு பிடுங்கினார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. வெட்டச் சொல்லி எழுதிய மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. கரையைச் சமமாக்கிப் பாதையும் போட்டார்கள். ஒரு மறைப்பு போய்விட்டது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் பெண்கள். அதைச் சபையில் எழுந்து நின்று எப்படிச் சொல்வார்கள்? அதற்குப் பிறகு காலையில் வீட்டில் ஒதுங்கிவிட்டு வந்தால், அடுத்தது திரும்ப வீட்டுக்குப் போய்த்தான். நடுவில் ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம். ஒதுங்கப் போன ஒரு பெண்ணை எவனோ பாதையில் வண்டியை நிறுத்திப் போனில் படம் எடுத்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா இல்லையா தெரியாது. அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

அன்று பஸ் நிறுத்தம் வரை அண்ணி என்னோடு நடந்து வந்தார். "நீ சொல்றது சரிதான் பாப்பா. நாங்க என்ன வேணும்னா குடிக்காம இருக்கோம்? தொண்ட நனையற அளவுக்கு ஒரு வாய், ரெண்டு வாய். அதுக்கு மேல போனா அடிவயிறு கேக்காது." தலைவலி வராதா என்று கேட்டேன். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மேல்வலிக்குக் கடையில் கொடுப்பது. பாதி தீர்ந்திருந்தது. ஆளுக்கு ஒன்று மதியம் போடுவார்களாம்; போட்டால்தான் சாயங்காலம் வரை குனிய முடியுமாம். "வெறும் வயித்துல போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

எதுவும் செய்யாமலும் நான் இருக்கவில்லை. நாலு பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்து, நாலு மூங்கில் குச்சி கொடுத்து, கொல்லை ஓரத்தில் நட்டு மறைப்பாகக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முதல் நாள் இரண்டு பேர் போனார்கள். அந்த மறைப்புக்குள் நடந்து போவதை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மற்றவர்கள் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் நாள் வேறொருவர் கொல்லையில் வேலை. அந்தக் கொல்லைக்காரர் நல்ல மனிதர். வெயில் ஏறினால் மோர் அனுப்புகிறவர். அவர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "நல்ல காரியந்தான்மா. நான் தப்பு சொல்லல. ஆனா வரப்புல எங்க குலசாமி கல்லு நிக்குது. இங்க வேணாம்." நான் வேறு மூலையைக் காட்டினேன். எந்த மூலையானாலும் அவருடைய கொல்லைதான் என்றார். அந்தப் புடவையைப் பிறகு களத்தில் மக்காச்சோளத்தை மூடப் பயன்படுத்தினார்கள்.

மெட்டி கழற்றிய ஞாயிறு அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. அடுத்த மாதமே அண்ணிக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. காலையில் குமட்டல். முகம் ஊதியது. பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார். அண்ணன் போன் செய்து, "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றபோதுதான் போனேன். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றினேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஊர் முழுக்க வீடு வீடாகச் சுற்றுகிற கருவி அது. அண்ணன் வீட்டுக்குப் போனால் நான் பையைத் திறக்க மாட்டேன். அங்கே நான் நாத்தனார், சாப்பிட்டுவிட்டு வருவேன். எண்ணைப் பார்த்ததும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகு கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை.

அரியலூரில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், ஊரில் எல்லாரும் கிரியாட்டினினைச் சொல்வதுபோலவே, "உப்பு ரொம்ப ஏறிடுச்சும்மா" என்றார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. சர்க்கரை நோய் இல்லை. எதனால் என்று கேட்டேன். வெயில், தண்ணீர்க் குறைவு, மாத்திரை, கவனிக்காத அழுத்தம் எல்லாம் சேர்ந்திருக்கலாம், இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார். "நீங்க டிபார்ட்மென்ட் ஆள்தானே, கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றும் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். செந்துறையிலிருந்து அரியலூருக்கு பஸ். லீவு போட முடிந்த நாளில் நான் கூடப் போனேன். பாதையில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஜன்னலை மூடிவிட்டு உட்காருவோம். அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாடு, மாத்திரை, காப்பி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். அதற்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். என் கையாலேயே காலையில் மூன்று டம்ளரை ஒரு சொம்பில் அளந்து மூடி வைத்தேன். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப குடிங்க குடிங்கன்னு சொன்ன. குடிக்க முடியல. இப்ப வூட்டுலயே கெடக்கறேன், பாத்ரூம் பத்தடியில இருக்கு. குடிக்காதங்கற" என்றார். குரலில் கோபம் இல்லை. அது எப்படி இப்படி ஆனது என்று யோசிக்கிற குரலாக இருந்தது.

பஸ்ஸில் யாராவது தண்ணீர் குடித்தால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் மத்தியானம் நான் பின்வாசல் பக்கம் போனபோது குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் கையை ஊன்றி வெகுநேரம் அப்படியே நின்றார். நானும் நின்றேன். அப்புறம் குனிந்து துப்பினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். "துப்பிட்டேன் பாப்பா" என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். திருமணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியவர். அவர் என்னிடம் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் சொம்பை எடுத்து வந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நல்லதா, கொடுக்காதது நல்லதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் இருந்தார். ஒரு பங்குனி மாதத்து முன்பகலில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், எழவில்லை. செய்தி கேட்டு அவர் கூட்டிப்போன பெண்கள் கொல்லையிலிருந்து அப்படியே வந்தார்கள், புடவைமேல் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல். குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. தலையிலிருந்து ஊற்றினார்கள். வாயோரமாக வழிந்து போன தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்தக் கூட்டத்தை வேறொரு பெண் கூட்டிப்போகிறாள். நான் வருடா வருடம் புது அட்டையோடு போகிறேன். படம் அழகாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கொஞ்சம் பேர் கேட்கிறார்கள். அழுத்தம் பார்க்கிறேன், கூடுதலாக இருப்பவர்களைச் சோதனைக்கு அனுப்புகிறேன். அண்ணியைப்போல இன்னும் இரண்டு பேர் வாரத்தில் இரண்டு நாள் அதே பஸ்ஸில் போய்வருகிறார்கள். மறைப்பு பற்றிக் கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். எழுதிக்கொண்டார்கள். தினம் ஒரு கொல்லைக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கொல்லையில் கட்டுவது என்று கேட்டார்கள்.

அண்ணன் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். தான் பட்ட வெயில் மகள் படக்கூடாது என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். அது நடந்துவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி, காலுக்குக் கீழே வழவழப்பான தரை, கட்டிக்கொள்ள நல்ல புடவை. போன வாரம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது இருட்டும் நேரத்தில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் அண்ணாந்து குடித்தாள்.

"கடையில தண்ணி இல்லையாடி?" என்று கேட்டேன்.

"கேன் கேனா இருக்கு அத்தை" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு மூணாவது மாடிக்குப் போகணும். ரெண்டாந்தடவ கேட்டா அவரு வாட்ச்சப் பாக்கறாரு."

பதினெட்டு வயது. கன்னம் வெயில் படாமல் நிறமாக இருந்தது. இவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறது. அவள் சொம்பை மறுபடியும் குடத்துக்குள் விட்டு மொண்டாள்.