பேக்கப் அண்ணனும் நூற்றெண்பது வானங்களும்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பேக்கப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். யார் எந்த வேலையைத் தொட்டாலும் "பேக்கப் எடுத்தாச்சா?" என்பார். சாப்பிடப் போகிறேன் என்றாலும் அதையே கேட்பார். என் நாற்காலி அவருக்குப் பக்கத்தில் என்பதால் ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவை ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். மத்தியானமானால் அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொருகும். அவரோ அப்போதுதான் பேச ஆரம்பிப்பார். தொழில்நுட்பத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயமே கிடையாது. லைக் பட்டன்மேல் தீராத கோபம். "ஒருத்தன் பேசுறப்ப நடுவுல கை தட்டிப் பாரு, அப்புறம் அவன் கைதட்டலுக்குத்தான் பேசுவான்" என்பார். லட்சம் பேர் கூடினால் அது சந்தை. இருநூறு பேருக்குள் இருந்தால்தான் ஒருவர் வராத நாளில் இன்னொருவர் தேடுவார் என்பது அவர் கட்சி. நான் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுவேன். ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தக் கட்சிக்காகவே சொந்தமாக ஒரு தளம் நடத்தினார். நூற்றெண்பது பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி: உங்கள் ஜன்னலில் தெரிகிற வானம். படம் போடக்கூடாது, லைக் கிடையாது, பதில் எழுதவும் இடமில்லை. இது உருப்படுமா என்று முதலில் கேலி செய்தேன், பிறகு நானே சேர்ந்தேன். 'இன்று வானம் வேலைக்கு வரவில்லை' என்று ஒரு பல் டாக்டர் எழுதுவார். 'மூட்டை அவிழ்ந்த பஞ்சு, கிழக்கே போகிறது' என்று ஒரு லாரி டிரைவர். ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்துக்கொண்டே போனால் நாற்காலி தரையை விட்டுக் கிளம்பிவிட்டது போலிருக்கும். மேலாளர் வந்து இருமினால்தான் இறங்குவேன்.

'மாடிவீட்டுக்காரி' என்ற பெயரில் ஒருத்தி எழுதுவாள். 'கொடியில் துணி காய்கிற வரைக்கும் பொறுத்துக்கோ, மேகமே.' அவள் பேக்கப் அண்ணனின் சொந்த அக்கா. நாலு வருடத்துக்கு முன்னால் குடும்ப குரூப்பில் ஏதோ வாக்குவாதம். இவர்தான் அட்மின். ஆத்திரத்தில் அக்காவைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. அடுத்த மாதமே தளத்தில் மாடிவீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். அவள் வரிகளில் வந்த கொடியையும், மாடியில் பாதி கட்டி நின்ற தண்ணீர்த் தொட்டியையும் வைத்து இவர் ஆளைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டது அவளுக்கும் தெரியும். தினம் ஆளுக்கு ஒரு வரி. இருவருக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் திரையில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் திறந்திருந்தன. ஒன்று ஒத்திகைக்கு வைத்திருந்த சர்வர், மற்றது தளம் ஓடுகிற அசல். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஒத்திகையைக் காலி செய்வதாக நினைத்து அசலில் கட்டளையைத் தட்டிவிட்டார். நூற்றெண்பது வானமும் ஒரே நொடியில் போயின.

"பேக்கப் இருக்குல்ல, அண்ணே?" ஆறு வருடத்தில் முதல்முறையாக நான் கேட்டேன்.

இருந்தது. ஒருநாள் தவறாமல் ஓடியிருந்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியவர், அதை பேக்கப்புக்குச் சொல்ல மறந்துவிட்டார். அது பாட்டுக்குப் பழைய காலி ஃபோல்டரையே விசுவாசமாக நகலெடுத்து, முந்தைய நல்ல நகல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டிருந்தது. ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா இந்த மனிதர்? எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எழுதினது போனாப் போகுதும்மா. நான் வேணும்னே அழிச்சேன்னு அக்கா நினைப்பா. மறுபடியும் துரத்திட்டேன்னு நினைப்பா."

"அப்ப போன் பண்ணுங்க."

"எடுக்க மாட்டா."

"பண்ணுங்கண்ணே!" கத்தியே விட்டேன்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். என்னையும் கூட இருக்கச் சொன்னார். நாலு வருடமாகத் தொடாத எண். அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"என்ன, அதையும் மூடிட்டியா?" எடுத்ததும் அதுதான்.

"மூடலக்கா. தெரியாம நான்தான் அழிச்சுட்டேன்."

"நீயா? தெரியாமயா? யாருகிட்ட கதை விடுற?"

காலி ஃபோல்டர் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மானம் போவதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மூச்சு வாங்கச் சிரித்தாள், இவரும் அசடு வழியச் சிரித்தார். படிக்கட்டு ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எனக்கும் உடம்பு லேசாகி அதோடு போய்விட்டது போலிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது.

"அன்னிக்கு என்னைக் குரூப்ல இருந்து தூக்கினதும் இப்படிக் கை தவறித்தானாடா?"

எவ்வளவு சுலபமான வழி! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு வருடமும் கழுவிவிட்டது போல் ஆகிவிடும். சொல்லுங்கண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லக்கா. அது தெரிஞ்சேதான் பண்ணேன். பண்ணியிருக்கக் கூடாது."

"தெரியும்டா," என்றாள் அக்கா. "ஆமான்னு சொல்லியிருந்தா போனை வெச்சிருப்பேன்."