ஹில்கேயின் மீன் வம்சம்

என் அண்ணன் மென்னோவுக்கு நாற்பத்தெட்டு வயதுவரை மீன் என்றால் தட்டில் இருப்பதுதான். அவன் மகள் ஹில்கே தன் அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து விரல் நீள மீன்களை வளர்க்க ஆரம்பித்தபோது, வாசற்படியில் நின்றுகொண்டு, "இதுல எத்தனை பிடிச்சா ஒரு ரொட்டிக்குக் காணும்?" என்று கேட்பான்.

"உன் மீசையில ஒட்டியிருக்கிறதைத் தின்னுப்பா, ஒரு வாரத்துக்குக் காணும்" என்பாள் அவள்.

எங்கள் ஊர், லேர் நகரத்துக்கு வடக்கே, கால்வாயோரம் இருக்கிறது. மென்னோ பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கும் டேங்கர் லாரி ஓட்டினான். விடிவதற்கு முன் கிளம்பினால் மதியம்தான் திரும்புவான். அவன் வருகிற நேரத்தில் அண்ணி கேஷா ரொட்டிக் கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இருவரும் சேர்ந்து உட்காருவது சாயங்கால டீக்குத்தான். ஹில்கே ஒரே பிள்ளை. நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம்.

அவள் வளர்த்தது சிக்லிட் இனத்தில் குட்டி வகை. மீன் சங்கத்துக்காரர்கள் 'அபிஸ்டோ' என்பார்கள். குழாய்த் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, சதுப்பு நிலத்து மக்கிய மண்ணைக் கொதிக்க வைத்துத் துணிப்பையில் கட்டி அதில் ஊறப் போடுவாள். தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஆனால்தான் மீனுக்கு நிம்மதி. கவிழ்த்து வைத்த பாதித் தேங்காய் ஓட்டுக்குள் போய்ப் பெண் மீன் கூரையில் முட்டைகளை ஒட்டிவிடும். அதன்பின் அது வேறு மீன். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகி, தன்னைப்போல் இரண்டு மடங்கு இருக்கும் ஆணையே மூலைக்கு விரட்டும்.

1997 நவம்பரில் ஒரு காலை. பல்வலியால் மென்னோ அன்று லாரி எடுக்கவில்லை. ஹில்கே கோட்டை மாட்டிக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நேத்து முட்டை போட்டிருக்கு. நான் வர்ற வரைக்கும் கதவைத் தடார்னு சாத்தாத. பயந்துச்சுன்னா முட்டையைத் தானே தின்னுடும்."

"சரி சரி, பூனை மாதிரி நடக்கிறேன். நீ பாத்துப் போ, மூடுபனியா இருக்கு."

மரங்கள் நெருக்கமாக நிற்கும் சாலை அது. எதிரே வந்த வண்டிக்குத் தன் காரை ஒதுக்கியவள் ஒரு ஓக் மரத்தில் மோதினாள். பத்தொன்பது வயது.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள்தான் மென்னோ அந்த அறைக்குள் போனான். தொட்டியை நிறுத்திவிட்டு மீன்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் போனதாகச் சொன்னான். விளக்கைப் போட்டதும், மஞ்சள் மீன் தரையோடு தரையாக நீந்துகிறது, அதன் பின்னால் புகைபோல ஒரு கூட்டம். அறுபது குஞ்சுகள் இருக்கும். தாய் உடம்பை ஒரு வெட்டு வெட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன. அவன் அங்கேயே ஹில்கேயின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மதியமே லேரில் இருக்கும் ஹாப்போவிடம் போனான். ஹாப்போ ஓய்வுபெற்ற தபால்காரர், மீன் சங்கத்தின் செயலாளர். ஹில்கேவுக்கு முதல் ஜோடியைக் கொடுத்தவரும் அவர்தான். குஞ்சுக்கு என்ன போடுவது என்று மென்னோ கேட்டான். உப்புத்தண்ணீரில் இறால் முட்டையைப் பொரிக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகளைத் துணியில் வடிகட்டி ஊட்டக் கற்றுக்கொண்டான். அறுபதில் நாற்பத்தொன்று பிழைத்தன.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் ஹில்கேயின் பெயரைச் சொன்னதே இல்லை. சாயங்கால டீக்கு நான் போனால் பால் விலை, மழை, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று பேசுவான். டீ முடிந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அவன் முணுமுணுப்பது கேட்கும். கேஷா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, "அந்தத் தொட்டிப் பம்புச் சத்தம் மண்டைக்குள்ள ஓடுது ரீக்கா. இழுத்து வெளிய போடணும் போல இருக்கு" என்று என்னிடம் சொல்வாள். அந்த அறைப் பக்கமே அவள் போவதில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இந்த மீன்களுக்கு ஆயுள் இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று. ஒரு தலைமுறை போக அடுத்தது என்று ஆறு வருடம் மென்னோ வளர்த்தான். எல்லாம் அந்த நவம்பர் முட்டையிலிருந்து வந்தவை. உடன்பிறந்ததோடு உடன்பிறந்ததே சேரும்போது என்ன ஆகுமோ அதுதான் ஆனது. முட்டைகள் குறைந்தன. பாதி வெள்ளை பூத்துப் போயின. முதுகு வளைந்த குஞ்சுகள், செவுள் மூடி இல்லாத குஞ்சுகள்.

ஹாப்போ வீட்டுக்கே வந்து பார்த்தார். "மென்னோ, சொன்னாக் கேளு. வெளியிலிருந்து ஒரு ஆண் மீன் விடு. நானே தர்றேன். இல்லேன்னா இது இன்னும் ரெண்டு தடவைதான்."

"வெளி மீன் விட்டா இது அவளோடது இல்லையே."

"அவ இருந்திருந்தா மொதல்ல அதைத்தான் பண்ணியிருப்பா, மடையா."

மென்னோ எழுந்து போய் அவருடைய கோட்டை எடுத்து வந்து நீட்டினான்.

2003 இலையுதிர் காலத்தில் தொட்டியில் மிஞ்சியது ஒரு பெண்ணும் கோணல் முதுகோடு ஒரு ஆணும்தான். அந்தச் சமயத்தில் மென்னோவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பத்து நாள். மீனைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனான், கேஷாவிடம் சொல்லவில்லை.

முதல் நாள் நான் போனபோது கேஷா அந்த அறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு வந்த? நான் போட்டுட்டேன்."

"அண்ணி, நீங்க இங்க..."

"தினமும்தான் வர்றேன். அவன் லாரியை எடுத்த சத்தம் போனதும் வந்து உக்காருவேன். ஆறு வருஷமா. எத்தனை குஞ்சு பொரிச்சது, எத்தனை செத்துச்சுன்னு அவனைவிட எனக்குத் தெரியும்."

"பின்ன பம்புச் சத்தம் ஆகலைன்னு சொல்வீங்களே?"

"ஆகலைதான். அவன் உள்ள உக்காந்து அவகூடப் பேசுறான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. அந்தச் சத்தம் எப்படி ஆகும்?"

மறுநாள் என்னைக் காரில் ஹாப்போ வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வாலில் சிவப்புத் தீற்றலோடு ஒரு ஆண் மீனைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, குளிர் படாமல் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தாள். கோணல் மீனைப் பக்கத்தில் ஒரு வாளியில் விட்டாள். ஒரு வாரத்தில் பெண் மீன் மஞ்சளானது. ஓட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து கேஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எண்பது இருக்கும் ரீக்கா! ஒண்ணுகூட வெள்ளையில்ல. அவன் வர்றப்ப பொரிச்சு நீந்தணும், கடவுளே."

பொரிப்பதற்கு ஒரு நாள் முன்னால் மென்னோவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான்தான் அழைத்து வந்தேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேஷா தன் வாயால் சொல்லட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றுவரை என்னை நானே நொந்துகொள்கிறேன்.

கோட்டைக் கூடக் கழற்றாமல் அறைக்குள் போனான்.

"இது யாரு?"

"நான்தான் விட்டேன்" என்றாள் கேஷா. "முட்டை போட்டிருக்கு. வந்து பாரு, எல்லாம் நல்ல முட்டை."

"நீயா? உனக்கு இந்த அறையில என்ன வேலை?"

"அவ எனக்கும் மகதான் மென்னோ."

அவன் தொட்டி மூடியைத் தள்ளினான். கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டு அந்தத் தேங்காய் ஓட்டைப் பிடித்தான். சுண்டுவிரல் அளவுத் தாய் மீன் அவன் விரல்களைக் கொத்திக் கொத்தி மோதியது. ஓட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். குழாயைத் திறந்து, கட்டைவிரலால் உள்ளே தேய்த்துக் கழுவினான். "அண்ணே, வேண்டாம்ணே" என்று நான் கத்தியது அவன் காதில் விழுந்ததா தெரியாது. கேஷா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சாயங்காலமே எம்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மென்னோ மறுநாள் அந்த ஆண் மீனை ஹாப்போவிடம் திருப்பிக் கொடுத்தான். "முட்டை கிட்டை போட்டுச்சா?" என்று அவர் கேட்டதற்கு, "இல்ல" என்றானாம்.

பெண் மீன் ஓடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமானது. கோணல் மீனைத் திரும்ப விட்டும் அது பிறகு முட்டை போடவில்லை. ஜனவரியில் செத்தது. மென்னோ எம்டனுக்கு ஃபோன் போட்டான். "முடிஞ்சுது கேஷா" என்று மட்டும் சொன்னதாகவும், பிறகு பேச முடியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றதாகவும், அந்தப் பக்கம் அவளும் வைக்காமல் வெகுநேரம் இருந்ததாகவும் அவள் தங்கை எனக்குச் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் கேஷா திரும்பி வந்தாள். அவள் போய்ப் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, நான் மென்னோவைக் காரில் லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய் விடும்போது, எதையோ பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ரீக்கா, அந்த முட்டையில பாதி ஹில்கேயோடதுதானே?"

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"பாதி அவளோடதுதான்" என்றான். "அதைத்தான் கழுவி விட்டேன்." கையை விரித்துக் கட்டைவிரலைப் பார்த்தான். எட்டு வருடத்தில் அவன் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது கேஷா சமையலறை ஜன்னலோரம் ஒரு தொட்டி வைத்திருக்கிறாள். ஹாப்போ கொடுத்த ஜோடிதான், ஹில்கேயின் மீனுக்கு உறவு கிடையாது. மென்னோ கேட்காமலே அதன் வடிகட்டியைச் சரிபார்க்கிறான், பம்பை மாற்றுகிறான். கண்ணாடிப் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பமாட்டான். போன மாதம் நான் போனபோது குஞ்சு பொரித்திருந்தது. கேஷா தொட்டியருகே குனிந்து நின்று எங்களைக் கூப்பிட்டாள்.

"வாண்ணே" என்றேன்.

"நீ போய்ப் பாரு" என்றான், என் கோப்பையில் சர்க்கரைக் கட்டியைப் போட்டபடி. "எனக்கு டீ ஆறிடும்."